நவம்பரில் பிறந்த குற்றவாளி

அத்தியாயம் 4

பிறந்தநாள் கேக் வெட்டுகிறவன் முகத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் தெரிய வேண்டும். பிரதீப்குமாரின் முகத்தில் திருட்டு முழிதான் தெரிந்தது.

"வெட்டுமன். கத்தியைப் பிடிச்சுக்கொண்டு என்ன யோசினை?" என்றார் சத்தியபாமா.

"அக்கா, வெட்டறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"வெட்டிப்போட்டுச் சொல்லும்."

ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இருந்தது சத்தியபாமாவின் துப்பறியும் அலுவலகம். சனிக்கிழமைகளிலும் கீழேயிருந்து மிஷின் சத்தம் கிர்ரென்று ஏறி வரும். சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரர். கோர்ட் அலுவலகத்தில் பல வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, லைசென்ஸ் எடுத்துத் துப்பறிய வந்தவர். பிரதீப்குமார் ஈரோட்டுக்காரன். சாஃப்ட்வேர் வேலை போன பிறகு 'தற்காலிகமாக' இங்கே உதவியாளனாகச் சேர்ந்தான். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது மூன்றாவது ஜூன் மாதம்.

அவன் வாயைத் திறக்கும்போது கதவு திறந்தது.

வந்தவர் விக்னராஜா. குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு. ஓய்வு பெற்ற கணக்காளர், மனைவியை இழந்தவர், ஒரே மகளோடு இருப்பவர். இதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னார். சத்தியபாமா கதிரையைக் காட்டினார். அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாரே தவிர உட்காரவில்லை.

"நாளைக்கு என்ர மகள் வினுஷாவுக்கு நிச்சயதார்த்தம், தங்கச்சி. காலமை மேய்ஸ் ஹில் முருகனிட்டை அருச்சனை, பேந்து வீட்டில மோதிரம் மாத்துறது. பெடியன் இந்தியாத் தமிழ். இளங்கீரன். மெல்பேர்னில ஆஸ்பத்திரியில மருந்தாளர். அங்கை கிளென் வேவர்லியில வீடும் வாங்கிட்டார். அவையே விரும்பினது, நானும் ஓம் எண்டனான். நேற்று என்ர தபால் பெட்டியில இது கிடந்தது."

ஒற்றைத் தாள். முத்திரை இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. ஃபெடரல் கோர்ட் குற்றவியல் பதிவுத் தேடல் என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கீழே இளங்கீரனின் முழுப் பெயர், பிறந்த தேதி நவம்பர் பத்தொன்பது, ஒரு வழக்கு எண். குற்றம்: போதைப்பொருள் இறக்குமதி. முடிவு: ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், தண்டிக்கப்பட்டார்.

பிரதீப்குமார் மெல்லக் கத்தியைக் கீழே வைத்தான்.

"மகளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் சத்தியபாமா.

"இல்லை. சொல்லாதேங்கோ. பெடியன் இண்டைக்குப் பின்னேரம் மெல்பேர்னில இருந்து பிளைட்டில வந்து, நேர வீட்டைதான் வாறார். அதுக்கு முதல் எனக்கு ஒரு முடிவு வேணும். உண்மையெண்டாலும் சரி. 'உறுதியாச் சொல்ல ஏலாது' எண்டாலும் போதும். அதை எழுத்தில தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

சத்தியபாமா தாளை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை படித்தார். பிறகு மேசையில் வைத்து, "பின்னேரத்துக்கிடையில சொல்லுறன், அண்ணை" என்றார். விக்னராஜா போனார். படியில் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது. திரும்பி வரப்போகிறார் என்று பிரதீப்குமார் நினைத்தான். வரவில்லை.

"பாவம்க்கா மனுஷன்."

"ஓம், பாவம்தான். தேடும்."

தேடினான். ஃபெடரல் கோர்ட்டின் தேடல் பக்கத்தில் வழக்கு எண்ணை அடித்தான். அப்படி ஒரு கோப்பே இல்லை. பெயரை அடித்தான், முன்பின் மாற்றி அடித்தான். யாரோ இரண்டு கம்பெனிகளின் சண்டை ஒன்று வந்தது. விசா மறுக்கப்பட்ட ஒருவரின் மேல்முறையீடு வந்தது, அவர் ஊரும் வேறு வயதும் வேறு. விக்டோரியா கோர்ட், நியூ சவுத் வேல்ஸ் கோர்ட் என்று போய் அங்கேயும் முட்டிக்கொண்டு திரும்பினான். ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு பையனின் மானம், இரண்டும் அவன் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன. உட்கார முடியாமல் எழுந்தான், எழுந்தால் நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"இதே அமெரிக்காவா இருந்தா பேரைத் தட்டினா போதும்க்கா. ஃபெடரல் கோர்ட் கிரிமினல் ரெக்கார்டு மொத்தமும் கொட்டிடும். அதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு. இங்க என்னடான்னா ஒருத்தன் அசல் கொலைகாரனா இருந்தாலும் அவன் சம்மதம் இல்லாம போலீஸ் ரெக்கார்டு பாக்க முடியாதாம்."

சத்தியபாமா கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீர்?"

"கொலைகாரன்..."

"அதுக்கு முதல்."

"அமெரிக்கா."

"ம்" என்றார். அந்த 'ம்' பிரதீப்குமாருக்குப் பழக்கம். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது என்பதும் பழக்கம்.

"சம்மதம் வேணுமெண்டால் சம்மதத்தைக் கேப்பம்" என்று சொல்லி, விக்னராஜா கொடுத்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் நம்பருக்கு டயல் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சந்தேகப்படற ஆள்கிட்டயே கேக்கறீங்க. இது துப்பறியறதுல சேராது."

இளங்கீரன் மெல்பேர்ன் விமான நிலையத்தில் இருந்தான். பின்னால் அறிவிப்புகள் கேட்டன. சத்தியபாமா சுற்றி வளைக்கவில்லை. தான் யார், தன் தொழில் என்ன, கல்யாணத்துக்கு முன்னால் அவனைப் பற்றி விசாரிக்கச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார் என்று நேராகச் சொன்னார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"அங்கிளா? கேக்கட்டும் மேடம், பொண்ணைக் குடுக்கறவர். ஆஸ்பத்திரியில வருஷாவருஷம் போலீஸ் செக் எடுத்தாகணும். போன மாசம் எடுத்தது இருக்கு, இப்பவே அனுப்பறேன். போர்டிங் கூப்பிடறாங்க."

கோப்பு உடனே வந்தது. ஆஸ்திரேலியா முழுவதும் தேடியாயிற்று, வெளியிடத்தக்க குற்றம் ஏதும் இல்லை. பிரதீப்குமாரின் கண் அதற்கு மேல் வரியில் நின்றது. பிறந்த தேதி, ஜூன் மூன்று.

"அக்கா, ஜூன் மூணு. அந்தத் தாள்ல நவம்பர் பத்தொன்பது. ஆள் வேற. அதே பேர்ல இன்னொருத்தன். நம்ம மாப்பிள்ளை சுத்தம்."

இரண்டாவது யோசனை என்ற ஒன்று பிரதீப்குமாருக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். சத்தியபாமா கையைத் தூக்குவதற்குள் அவன் விக்னராஜாவுக்குப் போன் செய்துவிட்டான்.

"அங்கிள், நல்ல செய்தி. அது உங்க மாப்பிள்ளை இல்ல. பிறந்த தேதியே வேற."

"இல்லைத் தம்பி." குரலில் ஈரமே இல்லை. "அது அவர்தான். திகதி சரி. வடிவாத் திரும்பிப் பாருங்கோ."

"இல்ல அங்கிள், போலீஸ் செக்ல..."

"நான் சொல்லுறன், திகதி சரி." போன் வைக்கப்பட்டது.

பிரதீப்குமார் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல செய்தி சொன்னதற்கு இப்படி வாங்கிக்கட்டிக்கொண்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஜன்னலுக்குப் போனான். திரும்பினான். மேசையில் இன்னும் வெட்டாத கேக் இருந்தது. அதில் க்ரீமால் அவன் பெயர் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் காது சூடாகிவிட்டது.

"அக்கா. காலைல நான் ஒண்ணு சொல்ல வந்தேன்."

"ஓம். வெட்டிப்போட்டுச் சொல்லும் எண்டனான்."

"இன்னிக்கு என் பிறந்தநாளே இல்ல. மூணு வருஷமா நீங்க வாங்கற கேக்கை வெக்கமில்லாம தின்னுட்டிருக்கேன். நான் நிஜமாப் பிறந்தது செப்டம்பர்."

சத்தியபாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊர்ல ஸ்கூல் ஜூன்ல தொறக்கும். அப்போ வயசு பத்தலன்னா சேத்துக்க மாட்டாங்க. அதனால அப்பா ஜூன்ல பிறந்ததா எழுதிக் குடுத்துட்டார். அதுவே சர்டிபிகேட், அதுவே பாஸ்போர்ட், லைசென்ஸ் எல்லாம். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ரெண்டு பிறந்தநாள்க்கா."

"எங்கட பக்கத்தில இப்பிடி இல்லையே" என்றார் சத்தியபாமா மெதுவாக. "பிறப்புப் பதிவிலயும் சாதகத்திலயும் ஒரே திகதிதான் இருக்கும். இந்தக் கதையை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"இளங்கீரனும் தமிழ்நாடு. ஜூன் மூணு." பிரதீப்குமார் போனைக் கையில் எடுத்தான். "அப்போ நவம்பர்..."

இளங்கீரனை அழைத்தான். அணைந்திருந்தது. விமானம் ஏறியாயிற்று.

காத்திருப்பது பிரதீப்குமாருக்குத் தெரியாத கலை. ஜூன் தேதியில் தேடினால் சுத்தம், நவம்பர் தேதியில் தேடினால் குற்றவாளி. ஒரே ஆள் இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு இரண்டு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறானோ? அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வந்ததே, அது பழகிப்போன சிரிப்போ? கீழே பல் மிஷின் கிர்ரென்றது. சத்தியபாமா அமைதியாக கேக்கில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்துச் சாப்பிட்டார்.

"எப்படிக்கா சாப்பிட முடியுது?"

"பொய்ப் பிறந்தநாள் எண்டாலும் கேக் உண்மைதானே."

விமானம் தரையிறங்கும் நேரம் பார்த்து மறுபடி அடித்தான். இளங்கீரன் எடுத்துவிட்டான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. நானும் நம்மூர்தான். நீங்க நிஜமா எப்போ பிறந்தீங்க?"

இளங்கீரன் சிரித்தான். "மாட்டிக்கிட்டேனா? நவம்பர் பத்தொன்பது."

பிரதீப்குமார் அந்தத் தேதியைச் சத்தியபாமாவிடம் திரும்பச் சொன்னான். சத்தியபாமா போனை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"தம்பி, அந்த நவம்பர்த் திகதி எந்தக் கடதாசியில இருக்கு?"

"எதுலயும் இல்ல மேடம். ஜாதகத்துல மட்டும்தான். அங்கிள் ஜாதகம் பாக்கணும்னார். அம்மா ஊர்லேர்ந்து எடுத்துட்டு வந்தாங்க. வினுஷாகிட்ட குடுத்தேன், அவ அவங்கப்பாகிட்ட குடுத்தா. நகல் கூட எடுக்கல."

"வினுஷாவுக்கு ரெண்டு திகதியும் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும். ரெண்டுக்கும் பரிசு வாங்கிக்கறேன்னு திட்டுவா. டாக்ஸி வந்துடுச்சு மேடம், வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன்."

சத்தியபாமா கார்ச் சாவியை எடுத்தார். "வாரும். அவருக்கு முதல் நாங்கள் அங்கை நிக்க வேணும்."

ஓல்ட் வின்ட்ஸர் ரோட்டில் சனிக்கிழமை நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பிரதீப்குமார் பிரேக்கை மிதித்தான், அவன் பக்கத்தில் பிரேக் இல்லை என்பதையும் மறந்து.

"அந்தத் தாள் போலி எண்டு எனக்குக் காலமையே தெரியும்" என்றார் சத்தியபாமா.

"என்னது? அப்புறம் எதுக்கு என்னைத் தேட விட்டீங்க?"

"போலி எண்டது தெரியும். ஆர் செய்தது எண்டது தெரியேல்லை. இஞ்சை போதைப்பொருள் கடத்துறது ஃபெடரல் சட்டத்துக்கு விரோதம்தான். ஆனால் வழக்கு நடக்கிறது மாநிலக் கோர்ட்டில. கம்பெனிச் சண்டையும் விசாவும்தான் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போறது. நீர் தேடினதிலயும் அதுதானே வந்தது? ஃபெலனி எண்ட சொல்லை இந்த ஊர்ச் சட்டத்தில இருந்து எடுத்தும் எவ்வளவோ காலம். அது அமெரிக்கக் கடதாசி ஒண்டைப் பாத்து எழுதினது. நீர் அமெரிக்கா எண்டு சொல்லேக்கைதான் எனக்கு வடிவா விளங்கினது."

"சரி, தேதி?"

"ஒரு பொலிஸ்காரன் இளங்கீரனைப் பிடிச்சிருந்தால் லைசென்ஸைத்தானே கேட்டிருப்பான்? ஜூன் எண்டுதான் எழுதியிருப்பான். எந்தக் கோர்ட்டுக்கும் நவம்பர் தெரியாது. சாதகத்தைப் பாத்த ஆளுக்குத்தான் தெரியும். வினுஷா செய்திருந்தால் லைசென்ஸ் திகதியைப் போட்டிருப்பாள், அவளுக்கு வித்தியாசம் தெரியும். சாதகத் திகதிதான் எல்லாத்திலயும் இருக்கும் எண்டு நம்புற ஆள் எங்கட ஊர் ஆள்."

பிரதீப்குமாருக்குத் திகதி சரி, திகதி சரி என்ற அந்தக் குரல் மறுபடி காதில் கேட்டது.

வீட்டு வாசலில் டாக்ஸி இல்லை. முந்திவிட்டார்கள். கதவைத் திறந்த வினுஷாவின் கையெல்லாம் மாவு. நாளைக்குப் பலகாரம் செய்வதாகவும், அப்பா ஹாலில் இருப்பதாகவும் சொல்லி, இவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல், "டீ போடுறன் அன்ரி" என்று குசினிக்குப் போனாள். நாளைய நாள் முழுவதும் முகத்தில் எழுதியிருந்த பெண்ணிடம் எதைச் சொல்லுவது என்று பிரதீப்குமாருக்குத் தெரியவில்லை.

விக்னராஜா ஜன்னலருகே நின்றார். வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியபாமா தாளை எடுத்துச் சின்ன மேசையில் வைத்தார்.

"அண்ணை, ஒரு விசயம்தான் எனக்கு விளங்கேல்லை. நல்ல சேதி சொன்ன பெடியனோட நீங்கள் ஏன் சண்டை பிடிச்சனீங்கள்?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"இந்தியாப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு திகதி, சாதகத்தில ஒரு திகதி. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் இண்டைக்குக் காலமை வரைக்கும் தெரியாது. நவம்பர் பத்தொன்பது உங்களிட்டை இருக்கிற சாதகத்தில மட்டும்தான் இருக்கு."

விக்னராஜா கதிரையில் உட்கார்ந்தார். இன்று முழுவதும் உட்காராமல் இருந்த மனிதர் இப்போது உட்கார்ந்த விதம், இனி எழுந்திருக்கவே மாட்டார் போல இருந்தது.

"நியூஜேர்சியில இருக்கிற என்ர தம்பி வேலைக்கு ஆள் எடுக்கேக்கை பாக்கிற ரிப்போர்ட். ஒருக்கா எனக்குக் காட்டினவன். அதைப் பாத்துச் செய்தனான்" என்றார். "நீங்கள் கோர்ட்டில இருந்தனீங்கள். இஞ்சை ஒருத்தரின்ர பதிவை வெளி ஆக்கள் தேட ஏலாது எண்டும் எனக்குத் தெரியும். 'உறுதியாச் சொல்ல ஏலாது' எண்டு நீங்கள் எழுதித் தருவீங்கள் எண்டு நினைச்சன். உங்கட சொல்லை அவள் கேப்பாள்."

"என்னைக்கொண்டு சொல்லிவிக்கப் பாத்தனீங்கள்." சத்தியபாமாவின் குரலில் கோபம் இருந்தது, அவர் அதை மறைக்கவில்லை.

தேநீர்த் தட்டோடு வினுஷா வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. தடுக்க வேண்டியவன் பிரதீப்குமார். அவன் தட்டை வாங்கக் கை நீட்டினான். அவள் தட்டைக் கொடுத்துவிட்டுத் தாளை எடுத்துவிட்டாள்.

"ட்ரக்ஸா? இளாவா?" முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஹி கான்ட் ஈவன் லை அபவுட்..." கண் தேதிக்கு வந்தது. சிரிப்பு நின்றது. தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா. இந்தத் திகதி நான் உங்களுக்குத் தந்தது."

விக்னராஜா தலையை நிமிர்த்தினார். "மெல்பேர்னுக்குப் போகாதை, என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதை எண்டு நான் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய், பிள்ளை?"

வினுஷா யோசிக்கவே இல்லை. "நிண்டிருப்பன்."

"அதாலதான் கேக்கேல்லை. கேட்டால் நீ நிண்டிடுவாய். பேந்து வாழ்நாள் முழுக்க உன்ர முகத்தைப் பாக்க எனக்குப் பயம்."

அவள் அழுதாள். மாவுக் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளையாயிற்று. பிரதீப்குமார் தேநீர்த் தட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நேரம் கிண்டலுக்கு எதையாவது தேடிக்கொண்டிருந்த மனசு, இப்போது வெறுமையாகக் கிடந்தது.

"என்னட்டைக் கேக்கப் பயம். சரி. நான் கோவிச்சிருப்பன், கத்தியிருப்பன், ஆனா நிண்டிருப்பன்" என்றாள் வினுஷா. தாளை அவர் மடியில் வைத்தாள். "ஆனா அப்பா, இதில என்ர பேர் இல்லையே. அவன்ர பேர்தானே கிடக்கு. அவன் உங்களுக்கு என்ன செய்தவன்?"

விக்னராஜா தாளில் இருந்த பெயரையே பார்த்தார். அதை எழுதும்போதுகூட அவர் அதை ஒரு ஆளின் பெயராகப் பார்க்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். சூட்கேஸ் சக்கரம் உருளும் சத்தம். மணி அடித்தது.

வினுஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். தாளை மறைத்துவிடலாமா என்பது போலச் சத்தியபாமாவைப் பார்த்தாள். சத்தியபாமா கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய வேலை முடிந்திருந்தது.

"நில் பிள்ளை" என்றார் விக்னராஜா. கதிரையின் கையை ஊன்றி எழுந்தார். "நான் திறக்கிறன்."

தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போனார். கதவு திறந்ததும் ஜூன் மாதக் குளிர் உள்ளே வந்தது. ஒரு கையில் சூட்கேஸும் இன்னொரு கையில் இனிப்புப் பெட்டியுமாக நின்ற இளங்கீரன், "அங்கிள், நான் பாஸா, ஃபெயிலா?" என்று சிரித்தான்.

"நீங்கள் பாஸ், தம்பி" என்று சொல்லி, விக்னராஜா அந்தத் தாளை அவனிடம் நீட்டினார். "இது நான் செய்தது. வாசிச்சுப்போட்டு, உள்ளுக்கு வாறதோ இல்லையோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ."